தண்ணீர் அசைவதைப் பார்க்கும் மிஷின்

ராஜபாளையத்திலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் வரை நாகஜோதி அப்பாவிடம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். அப்பா தங்கச்சாமி தன் சிறுநீரகம் ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தார். அது நலமாக இருக்கிறதா என்று பார்க்க, போன முறை வயிற்றில் ஊசி குத்தி அதிலிருந்து ஒரு சதைத் துணுக்கு எடுத்தார்கள். இந்த முறை ஸ்கேன்.

"குத்தாம எப்படிக்கா உள்ள பாக்கும்?" என்று ஸ்கேன் எடுக்கும் வெங்கடேஸ்வரி அக்காவிடம் கேட்டாள்.

"கிட்னிக்குள்ள தண்ணி அசைஞ்சுக்கிட்டே இருக்கும். நல்ல கிட்னின்னா தாராளமா அசையும். வீக்கமோ தழும்போ இருந்தா, தேர்க் கூட்டத்துல மாட்டுன மாதிரி முட்டி மோதும். அத மிஷின் படம் புடிக்கும்."

நாகஜோதி யோசித்தாள். "அப்ப நான் அசைஞ்சா, தண்ணிதான் அசையுதுன்னு மிஷின் ஏமாந்துருமே!"

"அதான் ஆடாம படுக்கணும்" என்று சிரித்த அக்கா, முதலில் வேல்பாண்டியை உள்ளே அழைத்துப் போனாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த சின்னப் பையன். அவனுக்குள் இருப்பது அவன் அம்மாவின் சிறுநீரகம்.

'டக டக டக' என்று சத்தம் கேட்டது. அடுத்த நொடி வேல்பாண்டி அழுதுகொண்டே வெளியே ஓடி வந்தான்.

"அது கத்துது! நான் போவ மாட்டேன்!"

"பொறவு மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்கணும்யா" என்றாள் அவன் அம்மா கலங்கிப்போய். ஊசி என்றதும் அழுகை இரட்டிப்பானது.

நாகஜோதி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஏலே, அது எப்படிக் கத்துச்சு?"

அழுகை சற்று நின்றது. "தறி மாதிரி."

"இன்னும் என்னென்ன சத்தமோ போடுமாம்ல. அம்புட்டையும் கேட்டு வந்து எனக்குச் சொல்றியா? ஆனா அசையக் கூடாது. அசைஞ்சா பாவம், மிஷின் ஏமாந்துரும்."

மிஷினை ஏமாற்றுவது வேல்பாண்டிக்கு நியாயமாகப் படவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

திரும்பி வந்தபோது அவனுக்குச் சொல்ல வாய் போதவில்லை.

"மொதல்ல தறி. பொறவு மரங்கொத்தி. பொறவு செண்பகத்தோப்பு மேட்டுல ஏறுற டிராக்டர். கடைசில எங்க சித்தப்பா கொறட்ட!"

"எம்புள்ள அசையவே இல்லயாம்!" என்று அவன் அம்மா அவனை அள்ளிக்கொண்டாள்.

அடுத்து நாகஜோதி. மிஷினின் குறுகலான குழாய்க்குள் அவளும் ஆடாமல் படுத்தாள். ஆனால் வேல்பாண்டி சொன்ன சித்தப்பாவின் குறட்டை வந்தபோது, சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்தார். "தண்ணி தாராளமா அசையுது. இப்போதைக்கு ஊசி குத்தித் துணுக்கு எடுக்க வேண்டாம்."

"அப்பா, இங்க வாங்க! நீங்க குடுத்தத நீங்களே பாத்ததில்லயே!"

தங்கச்சாமி குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எம்புட்டு அழகா இருக்கு என் கிட்னி!"

"என்னோடதுப்பா" என்று திருத்தினாள் நாகஜோதி.