மாற்று ஆள்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பல்செட் கடலோடு போகட்டும்.

தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலில் நிற்கும் மேகமேய்ப்பு மேடையில் ஏழு பேருக்கு வேலை. ஒலிக்குழலை முடுக்கி, திசை தெரியாமல் திரியும் மேகங்களைக் கரைப்பக்கம் ஓட்டிவிட வேண்டும். யாருக்கு எந்த ஷிப்ட் என்பதை வெகுகாலம் ஒரு கட்டத்தாளில்தான் எழுதிவந்தார்கள். லீவு வேண்டுமென்றால் கட்டத்தில் தன் பெயரை அழித்துவிட்டு மாற்று ஆளின் பெயரைப் போட வேண்டும். சண்டை வந்தால் கட்டத்துக்கு வேறு நிறம் பூசுவார்கள். நிறங்கள் தீர்ந்துபோனதும் மேலாளர் தங்கபாண்டி, தானே ஷிப்ட் போட்டு லீவும் தரும் முறைப்பொறியை வாங்கிப்போட்டார். அது இருபது வருடக் கட்டத்தாள்களையும் ஒரே மூச்சில் படித்து ஒரே விதியைக் கற்றது: மாற்று ஆள் இல்லாமல் யாரும் எங்கும் போகக் கூடாது.

இதழினிக்குப் புதன்கிழமை காலை கல்யாணம். திங்கள்வரை லீவு வரவில்லை. மற்ற ஆறு பேரும் அவளையே மாற்று ஆளாகக் காட்டி அதே நாளுக்குக் கேட்டு முந்திக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, எல்லாரும் எங்க போறிய?"

"உன் கல்யாணத்துக்குத்தாம்மா. பந்திய விட முடியுமா?" என்றார் தங்கபாண்டி.

"அப்ப எனக்கு?"

"பொறிகிட்ட கேளு தாயி. எனக்கே அதுதான் சாப்பாட்டு நேரம் சொல்லுது."

செவ்வாய் முழுக்க அவள் படகுத்துறைக்கும் திரைக்குமாக நடையாய் நடந்தாள். ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு ஒரு படகு போயிற்று. புதன் விடிந்ததும் திரையில் வந்தது: 'மாற்று ஆள் கிடைத்துவிட்டார்.' பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். துறையில் மிச்சமிருந்த படகு பொறியின் உத்தரவில்லாமல் அசையவில்லை. திரும்பி வந்து அடுத்த வரியையும் வாசித்தாள்.

மேகம் மேய்க்க மிச்சமிருந்தவள் இதழினி ஒருத்திதான். மாலை போட்டு மணையில் உட்காரத் தெரிந்தவர்களோ மாவட்டத்தில் பதினோராயிரம் பேர். ஆகவே மாற்று ஆளைப் பொறி கல்யாண மண்டபத்துக்கு அனுப்பியிருந்தது.

பதறிப்போய் மாப்பிள்ளை தர்ஷனைக் கூப்பிட்டாள். "ஏங்க, தாலிய கையிலயே வச்சிக்கிடுங்க! அங்க உக்காந்திருக்கவ நான் இல்ல!"

"நான் எங்க அங்க இருக்கேன்?" என்றான் அவன். "எங்க பஸ் டிப்போவிலயும் அதே பொறிதான். எனக்குப் பதிலா ஒருத்தன் போயிருக்கானாம்."

முகூர்த்தம் ஒரு நொடி பிசகாமல் நடந்தது.

"அண்ணே, பொண்ணு நான் இல்லன்னு ஒருத்தருக்குமா தெரியல?" என்று மறுநாள் அழுதாள்.

"அந்த மேக்கப்புல உன்னையே உனக்குத் தெரிஞ்சிருக்காது தாயி. பாயசம் பிரமாதம்."

இருவரும் புதிதாக ஒரு நாள் குறித்து மறுபடி லீவு கேட்டார்கள். 'திருமணம் நிறைவுற்றது. அதே காரணத்துக்கு மீண்டும் விடுப்பு இல்லை' என்றது பொறி.

என் பல்செட் போனால் போகட்டும்: அந்த மேடையைக் கட்ட இன்னும் டெண்டரே விடவில்லை.