சத்தமாகப் பாடவேண்டிய தாலாட்டு

"நீ கத்துற, நான் பாடுறதே கேக்கல..."

"நான் எங்கடி கத்துறேன், பாடிகினுதானே..."

"இதுக்குப் பேரு பாட்டா? என் குரலு எனக்கே..."

"உனக்குக் குரலுன்னு ஒண்ணு இருந்தாத்தானே கேக்கும். எறும்பு பேசுற மாதிரி முணுமுணுன்னு..."

ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி தொடங்கிவிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரம். குழாயடிக்குத் தட்டு கழுவ வந்த பிள்ளைகள் கழுவுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

எறும்பு என்று பேர் வாங்கியவள் நஸியா. திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் பைக் மெக்கானிக் கடை வைத்திருந்த அப்துல் ஷுக்கூரின் மகள். கத்துகிறாய் என்று திட்டு வாங்கியவள் சினேகா. அவள் வீட்டில் கரண்டில் ஓடும் தறி போட்டு லுங்கி நெய்தார்கள். இருவரும் ஆறாம் வகுப்பு, ஒரே பெஞ்சு.

இது நடந்து பல வருஷம் ஆகிறது. நஸியா இப்போது சொந்தமாகப் பாட்டுக் கட்டி, மெட்டுப் போட்டு, மேடையில் பாடுகிறவள். "உங்க முதல் பாட்டு எப்படிக்கா வந்தது?" என்று பிள்ளைகள் யாராவது கேட்டால், இந்தக் குழாயடிச் சண்டையில்தான் ஆரம்பிப்பாள்.

பள்ளிக்கூட ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. சினிமாப் பாட்டெல்லாம் வேண்டாம், ஒவ்வொரு வகுப்பும் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டிப் பாடவேண்டும் என்று பாட்டு டீச்சர் புவனா சொல்லிவிட்டார். ஆறாம் வகுப்புக்கு நஸியாவும் சினேகாவும்.

சொந்தப் பாட்டு லேசில் வருகிறதா என்ன? மயிலைப் பற்றி ஒரு வரி வந்தது. மயில் வந்த பிறகு என்ன செய்யும் என்று இருவருக்கும் தெரியவில்லை. மலையைப் பற்றி ஒன்று ஆரம்பித்தார்கள். அதற்குப் பாதியிலேயே மூச்சு வாங்கியது.

சரி, குரலாவது சேருகிறதா பார்ப்போம் என்று டீச்சர் பாடச் சொன்னார். சினேகா வாயைத் திறந்ததும் நஸியா காணாமல் போனாள். மெதுவாகப் பாடம்மா என்றார் டீச்சர். மெதுவாகத்தான் பாடுகிறேன் என்று சினேகா சொன்னதே அடுத்த வகுப்பு வரைக்கும் கேட்டது. கடைசியில் டீச்சர், நீ வாயை மட்டும் அசை, அது போதும் என்றுவிட்டார். சினேகாவின் முகம் சுருங்கிப்போனது.

அதன் பிறகுதான் குழாயடிச் சண்டை. "அப்போ நீயே தனியாப் பாடிக்கோ" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் சினேகா.

நஸியா அதைப் பிடித்துக்கொண்டாள். நேராகப் போய், நான் மட்டும் பாடட்டுமா என்று டீச்சரிடம் கேட்டாள். டீச்சரும் சரி என்றார். மறுநாள் சினேகா பள்ளிக்கே வரவில்லை.

அவள்தானே தனியாகப் பாடச் சொன்னாள், நம் மேல் என்ன தப்பு? நஸியா தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் சனிக்கிழமை காலையில் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். வகுப்பில் எல்லார் முன்னாலும் சினேகாவுக்குத் தெரியவருவதைவிட, நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினாள்.

அன்றைக்குக் கிருத்திகை. மொட்டைத் தலைகளும் சந்தனமுமாக ரோடு முழுக்கக் கூட்டம். நஸியா சந்துக்குள் புகுந்து தறிக்காரத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தாள். வீட்டுக்கு வீடு தறி ஓடிக்கொண்டிருந்தது. சினேகாவின் வீட்டு வாசலில் கால் வைத்தபோது தரை அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது.

"வா கண்ணு, சாப்டியா?" என்றார் சினேகாவின் அம்மா மனோரமா. பக்கத்தில் நின்றுகொண்டு, மலைமேல் இருக்கிறவர்களைக் கூப்பிடுகிற மாதிரி கேட்டார். நஸியா தலையை ஆட்டினாள். தறிக்குச் சற்றுத் தள்ளி, புடவைத் தூளியில் சினேகாவின் குட்டித் தம்பி நவீன்குமார் அந்த இரைச்சலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

நஸியா சினேகாவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். காதில் விழவில்லை. இன்னும் கிட்டப் போய்ச் சொன்னாள். சினேகா கையை விரித்து, என்ன என்றாள். நஸியா மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு பலம் கொண்ட மட்டும் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. தெருவில் இருந்த அத்தனை தறியும் ஒரே சமயத்தில் நின்றன.

"மிஸ்ஸு என்னைத் தனியாப் பாடச் சொல்லிட்டாங்க!"

அமைதியான தெருவில் அந்தக் குரல் மட்டும் கணீரென்று ஒலித்தது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சினேகாவுக்குக் கண் கலங்கியது.

நஸியாவுக்குக் காது சுட்டது. கத்தியது நானா? இந்த வீட்டுக்குள் வந்து ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் நமக்கே குரல் இப்படி ஏறிவிட்டதே. சினேகா பிறந்ததிலிருந்து இங்கேதானே இருக்கிறாள்?

அப்போது தூளிக்குள்ளிருந்து வீல் என்று அழுகை வந்தது.

இரைச்சலில் தூங்கிய பிள்ளை, அமைதியில் எழுந்து அழுகிறானே என்று நஸியா விழித்தாள்.

"தறிச் சத்தத்துலயே வளந்தவன் கண்ணு. அது நின்னா இவனுக்குப் பொழுது விடிஞ்சுபோச்சு. இனிமே கரண்டு வர்ற வரிக்கும் இவதான் தறி" என்று மனோரமா மகளைக் காட்டினார்.

சினேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு தூளியை ஆட்டினாள். "டக்கட டக்கு, டக்கட டக்கு" என்று அடித்தொண்டையிலிருந்து தறி ஓட்டினாள். நிஜத் தறி தோற்றுப்போகும். நவீன்குமாரின் அழுகை அடங்கியது. ஆனால் தறிக்கு மூச்சு வாங்க வேண்டாம், சினேகாவுக்கு வாங்கவேண்டுமே. அவள் நிறுத்தி மூச்சு விடும்போதெல்லாம் அவன் உதட்டைப் பிதுக்கினான்.

நஸியா அந்த இடைவெளியைக் கவனித்தாள். அடுத்த முறை சினேகா மூச்சு வாங்கியதும் அவள் மெல்லப் பாடினாள்.

"தறியும் தூங்கப் போச்சுடா..."

எங்கிருந்து வந்தது அந்த வரி? அவளுக்கே தெரியாது. பிதுங்கிய உதடு அப்படியே நின்றது. சினேகா திரும்பிப் பார்த்தாள். டக்கட டக்கு, டக்கட டக்கு. மறுபடி மூச்சு.

"தம்பி நீயும் தூங்குடா..."

டக்கட டக்கு, டக்கட டக்கு. இந்த முறை மூச்சு வாங்கிய சினேகா, தானே பாடினாள்.

"கம்பி மேல நடந்து நடந்து..."

"கரண்டு மெல்ல வருமடா" என்று முடித்தாள் நஸியா.

ஒருத்தி நிறுத்திய இடத்தில் இன்னொருத்தி. யார் குரலும் யாருடைய குரலையும் மூடவில்லை. திரும்பத் திரும்பப் பாடினார்கள். நவீன்குமாரின் கண் செருகச் செருக, சினேகாவின் தறி மெல்ல மெல்லத் தணிந்தது. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. நஸியா கவனித்தாள்.

"நான் எனக்கு மட்டும் கேட்டது தப்புதான் சினேகா. மிஸ்ஸுகிட்டப் போய் மாத்திச் சொல்லிடுறேன். நீ இல்லாட்டி இந்தப் பாட்டே இல்லல்ல."

சினேகா தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "எறும்பு கடிச்சாலும் வலிக்குது" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. தம்பி எழுந்துவிடுவானே என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆண்டு விழாவில் இருவரும்தான் பாடினார்கள். இத்தனை சத்தமான தாலாட்டை இதுவரை கேட்டதில்லை என்று டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். நஸியா அந்தப் பாட்டை இன்றைக்கும் பாடுகிறாள். சமயம் பார்த்துப் போன கரண்டுக்கும், சமயம் பார்த்து அழுத நவீன்குமாருக்கும் மேடையிலேயே நன்றி சொல்வாள். அவன் இப்போது பத்தாம் வகுப்பு. தூளிப் பேச்சு வந்தாலே வெட்கப்பட்டு எழுந்து போய்விடுகிறான். இந்தப் பாட்டில் பாதி சினேகாவுடையது என்பதையும் சொல்லாமல் விடமாட்டாள்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்வாள். அந்தச் சனிக்கிழமை கரண்டு திரும்பி வந்தபோது, தெருவில் ஒவ்வொரு தறியாக ஓட ஆரம்பித்தது. மனோரமாவின் தறியில் பாதி நெய்த லுங்கிகள் இருந்தன. சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுத்தாகவேண்டும். அவர் எழுந்து போய்ச் சுவிட்சில் கையை வைத்தார். தூளிப் பக்கம் நின்ற இருவரையும் பார்த்தார். கையை எடுத்துவிட்டுத் தரையில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"தறி கொஞ்ச நேரம் சும்மா கெடக்கட்டும். ரெண்டு பேரும் சேந்து இன்னொருவாட்டி பாடுங்க, நான் கேக்குறேன்."