இருநூறு பொய்ப் புத்தகங்கள்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

அட்டன், மலைத்தென்றல் நூலகத்தின் கறுப்பு டெலிபோன் அலறியது. வருடம் 1986. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

டைப்பிஸ்ட் ஐவி ரிசீவரை எடுத்தாள்.

"முத்துலிங்கம் ஒரு திருடன்!" ஆண் குரல். கொதிக்கும் குரல்!

"யாருங்க பேசுறது?"

"அந்தப் புத்தகத்தை எரிங்க! இல்லாட்டி உங்க நூலகத்தையே எரிச்சிருவேன்!"

"எந்தப் புத்தகங்க?"

"மலைச்சாரல் மாலை! ஆசிரியர் முத்துலிங்கம்னு போட்டிருக்கீங்களே, ஒங்க லிஸ்ட்டுல நூத்திப் பதினேழு!"

டக்!

லைன் செத்துப்போனது.

பின்னால் நூலகர் மரியநாயகம் மாஸ்டர் பால் விடாத பிளேன்டீ கிளாசோடு நின்றார். கிளாஸ் ஆடியது. உண்மையில் ஆடியது மாஸ்டர்.

"யாரு ஐவி?"

"தெரியல சேர். நூத்திப் பதினேழை எரிக்கணுமாம்."

"எரிச்சிரு! நமக்கெதுக்கு வம்பு?"

"எப்பிடி சேர் எரிக்கிறது? அப்பிடி ஒரு புத்தகமே இல்லியே!"

ஆமாம்... இல்லை!

விஷயம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் வெளிநாட்டுப் புண்ணியவான் யாரோ நூலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டரை அன்பளிப்புச் செய்தார். அதைப் பொருத்த வந்த கொழும்பு எஞ்சினியர் போகும்போது ஒரு யோசனை சொன்னார்.

"உண்மையான புத்தகங்களை இப்ப ஏத்தாதீங்க. முதல்ல இருநூறு பொய்ப் பதிவு போடுங்க. தலைப்பு, ஆசிரியர், வருஷம், இருக்குமிடம்... எல்லாம் கற்பனை! தேடிப் பாருங்க, அச்சடிச்சுப் பாருங்க. மெஷின் சொதப்பினா பொய்தானே போகும்!"

ஐவி புகுந்து விளையாடிவிட்டாள். 'கம்பளிப்பூச்சியின் காதலி', 'ஆட்டுக்கும் அறிவுண்டு', 'ரயிலில் தூங்காதே'... மெஷினுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் அத்தனை பொய்யையும் இங்கிலீஷ் எழுத்தில் தட்டினாள். அச்சு தெளிவாக வருகிறதா என்று கேட்டு திம்புள்ள, வலப்பனை, பட்டிப்பொல வாசிகசாலைகளுக்கு அந்தப் பட்டியலை அனுப்பியும் வைத்தாள்.

ஒன்றே ஒன்றைத்தான் மறந்துவிட்டாள். மேலே 'சோதனைப் பட்டியல்' என்று போடுவதற்கு!

"ஏம்மா, இந்த மலைச்சாரல் மாலை எங்கேருந்து வந்துச்சு?"

"வாய்க்கு வந்ததைப் போட்டேன் சேர்."

"ஐயோ! கமிட்டிக்குத் தெரிஞ்சா உன்னை வேலையை விட்டே தூக்கிருவாங்க. ஏற்கனவே உன்னைய..."

மாஸ்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷர்.

ஏற்கனவே அவளைக் கொலைகாரன் மகள் என்றுதான் ஊர் பேசியது. அப்பா ஜோர்ஜ், தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர். நான்கு வருடத்துக்கு முன்னால், தோட்டத் தொழிற்சாலையில் தேயிலை பதமாக்கும் டீமேக்கர் யேசுரட்ணம் காணாமல் போனார்; கூடவே ஒரு லொறி தேயிலையும். ஜோர்ஜின் லொறிக்குள் யேசுரட்ணத்தின் இரத்தச் சட்டை கிடைத்தது. பிணத்தை நீர்த்தேக்கம் கொண்டுபோயிருக்கும் என்றது பொலிஸ். ஜோர்ஜைக் கண்டி ஜெயில் கொண்டுபோனது. ஆயுள் தண்டனை!

ஐவிக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று... அப்பா வீட்டுக்கு வரவேண்டும்.

ட்ரிங்... ட்ரிங்!

மாஸ்டர் மேசைக்குப் பின்னால் பதுங்கினார். ஐவி எடுத்தாள்.

"எரிச்சாச்சா?" அதே குரல்!

"எங்கேங்க... புத்தகம் அப்பிடிப் போகுது! ரெண்டாம் பதிப்பு வரப்போகுதாம். முத்துலிங்கம் சேருக்கு மாலைகூடப் போடப் போறாங்களாம்."

மறுமுனையில் ஏதோ உடையும் சத்தம்!

"அது... அது அவன் எழுதுனது இல்ல!"

"அப்ப நேர்ல வந்து நிரூபிங்க."

டக்!

"ஏம்மா நெருப்புல எண்ணெய ஊத்துற?" மாஸ்டர் அழாத குறையாகக் கேட்டார்.

"பொலிசுக்குச் சொல்லிருவோம் சேர். தீ வைக்கிறேன்னு சொல்றாங்கல்ல?"

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் ஏகநாயக்க சாதாரண உடையில் வந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மிஸ், இல்லாத புத்தகத்துக்கு நான் எப்பிடி காவல் போடுறது?"

"ஒக்காந்து பேப்பர் வாசிங்க சேர். அது போதும்."

"ஹரி, ஹரி... சரி மிஸ். சம்பளத்தோட வாசிக்கச் சொன்னா வேணாம்னா சொல்லுவேன்?"

அவர் பத்திரிகைக்குப் பின்னால் மறைந்தார்.

பத்தரை மணிக்குக் கதவு படீரென்று திறந்தது!

குரங்குக் குல்லா. நெஞ்சு வரை தாடி. கையில் சொட்டச் சொட்ட நனைந்த குடை. அதை வாள் மாதிரி நீட்டிக்கொண்டு வந்தான் அந்த ஆள்.

"எங்கே அந்தப் புத்தகம்?"

"வெளியே போயிருக்குங்க. ஆள் மாத்தி ஆள் எடுக்குறாங்க," என்றாள் ஐவி.

"முத்துலிங்கம்! ரெண்டு பாட்டு ரேடியோவுல வந்ததும் அவனுக்குத் தலைக்கனம்! இப்ப என் பாட்டையும் திருடிட்டான்!"

"ஒங்க பாட்டுன்னு எப்பிடி நம்புறது? ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்."

ஆள் குடையைக் கீழே வைத்தான். கண்ணை மூடினான். தொண்டையைச் செருமினான்.

"கொழுந்தே கொழுந்தே கோபமா?
கூடைக்குள் போவது பாவமா?
வறுத்தால் உனக்குச் சாபமா?
வடித்தால் எனக்கு லாபமா?"

மாஸ்டர் காதைப் பொத்திக்கொண்டு பிளேன்டீ எடுக்க நழுவினார். பத்திரிகை லேசாக நடுங்கியது.

"நல்லாத்தான் இருக்கு," ஐவி பேனாவை எடுத்தாள். "ஆனா சாட்சி வேணுமே? யாராச்சும் முன்னாடியே கேட்டிருக்காங்களா? இல்லாட்டி முத்துலிங்கம் பேருதான் நிக்கும்."

"சாட்சியா? எத்தனை வருஷம் லொறியில பாடிட்டே போயிருக்கேன்! டிரைவர் ஜோர்ஜைக் கேட்டுப் பாரு. எல்லாப் பாட்டும் அவனுக்கு மனப்பாடம்!"

ஜோர்ஜ்!

அது ஐவியின் அப்பா பெயர்!

"சரிங்க," ஐவி பேனாவைத் தாளில் ஊன்றினாள். "ஆசிரியர் பேரு என்னன்னு போடட்டும்?"

அவன் வாயைத் திறந்தான்... மூடினான். கண்கள் விரிந்தன!

பத்திரிகை கீழே இறங்கியது.

"டீமேக்கர் யேசுரட்ணம்!" ஏகநாயக்க எழுந்தார். "நீங்க செத்து நாலு வருஷம் ஆச்சே ஐயா! ஒங்க சட்டையைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனதே நான்தான்!"

ஓடினான் யேசுரட்ணம்!

வாசலில் மாஸ்டர். கையில் சுடச்சுடப் பிளேன்டீ. மோதல்! தேத்தண்ணி தாடியில், மாஸ்டர் தரையில், யேசுரட்ணம் மாஸ்டர் மேல்!

கிளிக். விலங்கு பூட்டியது.

"அந்த இரத்தம்?" ஏகநாயக்க கேட்டார்.

"சேவலோடது... நான்தான் சட்டையில பூசி ஜோர்ஜ் லொறிக்குள்ள போட்டேன்," யேசுரட்ணம் முனகினான். "தேயிலையை வித்துட்டுப் பட்டிப்பொலயில போர்டு எழுதிப் பிழைச்சேன். நிம்மதியா இருந்தேன். அந்தப் பாழாப்போன லிஸ்ட்டை வாசிகசாலைச் சுவத்துல பார்க்குற வரைக்கும்!"

மாஸ்டர் மெதுவாக எழுந்து ஐவியைப் பார்த்தார்.

"வாய்க்கு வந்ததைப் போட்டேன்னியே?"

"நூத்தித் தொண்ணூத்தொம்பது அப்பிடித்தான் சேர். ஒண்ணு மட்டும் அப்பா வாய்க்கு வந்தது. ஜெயிலுக்குப் போறப்பல்லாம் சொல்லுவாரு... 'அந்தாளு சாகலம்மா. எழுதி வச்சிருக்கிற மலைச்சாரல் மாலை அச்சுல வராம அந்தாளு சாகவே மாட்டாரு. எங்க கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் பாட்டு ரேடியோவுல வந்தன்னிக்கி ரெண்டு வேளை சாப்பிடாம இருந்தவரு'ன்னு."

"அப்ப... 'சோதனைப் பட்டியல்'னு போட மறந்தது?"

"மறக்கல சேர்."

சொல்லிவிட்டு ஐவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதாள். வெட்கப்படாமல், சத்தமாக, நான்கு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள். அப்பா வருவார்! மாஸ்டர் அவள் தலையில் கை வைத்தார். அவருக்கும் மூக்கு ஒழுகியது.

வெளியே பொலிஸ் ஜீப் உறுமியது. யேசுரட்ணம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான்.

"புள்ள! ஜெயிலுக்கு வேணும்னாலும் போறேன். அந்த முத்துலிங்கம் பேரை மட்டும் அழிச்சிரும்மா!"

ஐவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டக் டக்கென்று தட்டினாள். பிறகு ஜன்னலுக்கு வந்தாள்.

"அழிச்சிட்டேன் சேர்! ஆசிரியர் யேசுரட்ணம்னு போட்டாச்சு!"

"சத்தியமா?"

"சத்தியமா! இருக்குமிடம்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதையும் மாத்திட்டேன். கண்டி ஜெயில்... எங்கப்பா காலி பண்ணப்போற அறை!"