மினுங்கிய நெற்றி

"மாமா, கோயில் தண்ணி தொட்ட நெத்தி இருட்டிலை மினுங்குமா?"

உதவியாளன் றேமண்டின் மகள் றோஸி ஒருநாள் இப்படிக் கேட்டாள்.

"மினுங்காது, பிள்ளை!" என்று சிரித்தார் வரதராசா.

தவறான பதில்!

அது 1996இல், ஒரு முதல் வெள்ளிக்கிழமைதான் அவருக்குப் புரிந்தது...

ட்ரிங்... ட்ரிங்...!

கொழும்பு, கொட்டாஞ்சேனை. ஒரு தனியார் ஆராய்ச்சிக்கூடம். வரதராசா போனை எடுத்தார்.

"ஐசே வரதராசா! பின்னேரம் எலிக்கு ஊசி. இன்சுலின் இருக்கோ?"

மாடியிலிருந்து டொக்டர் கொன்ஸ்ரன்ரைன்.

வரதராசா கையுறை போட்டுக்கொண்டு குளிர்ப்பெட்டியைத் திறந்தார்.

தட்டு காலி!

"திரும்பவும் காணேல்லை, டொக்டர்..."

"திரும்பவுமோ? பூட்டுக்கு ரெண்டு சாவி. ஒண்டு என்னட்டை. மற்றது உம்மட்டை. பின்னேரத்துக்குள்ள கள்ளன் பிடிபடாட்டி பொலிசுக்குச் சொல்லுவன்!"

"டொக்டர், நான் யாழ்ப்பாண அடையாள அட்டைக்காரன்! மருந்து வடக்குக்குக் கடத்துறனெண்டு உள்ளுக்குப் போட்டிடுவாங்கள்!"

"அப்ப கள்ளனைப் பிடியும்!"

டொக்!

வரதராசாவுக்கு எரிச்சல் பொங்கியது. சாவியை எந்நேரமும் மேசையில் வைத்துவிட்டுப் போகும் தன் மறதி மீதே எரிச்சல்!

ஆனால் இன்று அவர் ஒரு பொறி வைத்திருந்தார்.

எலியின் சிறுநீரகத்தில் இரத்தம் ஓடும் வழியைக் காட்ட அங்கே ஒரு சாயம் உண்டு. செம்மஞ்சள் தூள். ஈரம் பட்டு, ஊதா விளக்கும் பட்டால்... பச்சையாய் மினுங்கும்!

காலையிலே அதில் ஒரு சிட்டிகையைக் குளிர்ப்பெட்டியின் கைப்பிடியில் பூசிவிட்டிருந்தார். தொட்டவன் கை காட்டிக்கொடுக்கும்!

ஊதா விளக்கின் சுவிட்சைத் தட்டினார்.

எரியவில்லை!

"கரண்ட் போட்டுது!" டைப்பிஸ்ட் ஜெகதீஸ்வரி சலித்தாள். "வெள்ளவத்தை வீட்டிலையும் கட்... இங்கையும் கட்!"

மின்விசிறியும் நின்றது. வியர்வை வழிய உள்ளே வந்தான் உதவியாளன் றேமண்ட்.

"எங்கை போனனீ?"

"மாதா கோயிலுக்கு, அய்யே. மாதத்து முதல் வெள்ளிப் பூசையெல்லோ."

"சாப்பிட்டியோ?"

"இறங்கேல்லை. மடு அகதி முகாமிலை தங்கச்சியின்ரை பெடியனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. மருந்து அங்க போகுதில்லையாம். இண்டைக்கு ஒரு ஃபாதர் போறார்..."

சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

அவன் பைக்குள்ளிருந்து ஒரு ஐஸ் பிளாஸ்க் எட்டிப் பார்த்தது. கைகளில் சோப் வாசம்!

வரதராசாவுக்குத் திக்கென்றது.

கையைக் கழுவிவிட்டான். ஆனால் கழுவுவதற்கு முன்பே கோயிலுக்கு ஓடியிருந்தால்? அதே விரலைக் கோயில் வாசல் தீர்த்தத் தொட்டியில் தோய்த்து... நெற்றியில் சிலுவை போட்டு...

றோஸியின் கேள்வி!

'கள்ளன் இவன்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் வரதராசா தப்பலாம்.

சென்ற வருடப் பொலிஸ் சுற்றிவளைப்பில் தான் பிடிபட்டது நினைவுக்கு வந்தது. சொந்தக்காரர் ஒருவரும் பொலிஸ் நிலையப் பக்கம் வரவில்லை. சோற்றுப் பார்சலோடு வந்தவன் றேமண்ட். அவரைக் காட்டி, "மே மகே அய்யா" என்று சிங்களத்தில் சத்தியம் செய்தான். இவர் என் அண்ணன்! பொய் பிடிபட்டிருந்தால் அவனும் உள்ளே!

வரதராசா கைக்குட்டையைக் குழாயில் நனைத்தார்.

"வேர்க்குது. நில்லு."

அழுத்தித் துடைத்தார்.

"என்ன அய்யே, சின்னப் பிள்ளைக்கு மாதிரி?"

"ஃபான் இல்லையெல்லோ. பேசாமல் நில்லு!"

பளிச்! மின்சாரம் வந்தது. கூடவே டொக்டரும் வந்தார்.

"எங்கை உம்மடை கள்ளன்?"

பொறியைப் பற்றிச் சொன்னார் வரதராசா. ஜன்னல்கள் அடைபட்டன. ஊதா விளக்கு எரிந்தது.

றேமண்ட் வந்து நின்றான். கை... ஒன்றுமில்லை. நெற்றி... ஒன்றுமில்லை!

வரதராசா மெல்ல மூச்சு விட்டார்.

ஜெகதீஸ்வரி நின்றாள். ஒன்றுமில்லை.

"என்ரை திருநீறு கூட மினுங்கேல்லை!" என்றாள் ஏமாற்றத்தோடு.

"கண்கட்டு வித்தை!" டொக்டர் எரிந்து விழுந்தார். "தள்ளும் ஐசே! பொலிசுக்குப் போன்..."

விளக்கைக் கடந்தார்.

"ஐயோ!" ஜெகதீஸ்வரி அலறினாள்.

டொக்டரின் நெற்றியில்... பச்சையாய் ஒரு பொட்டு! விரல் நுனியிலும் பச்சை!

"நா... நான் இப்பத்தான் கோயிலுக்குப் போட்டு வாறன் ஐசே! தீர்த்தம் மட்டும்தான் தொட்டனான்!"

றேமண்ட் விரல் தோய்த்த அதே தொட்டி என்று வரதராசாவுக்கு விளங்கியது!

"அதைப் பொலிசிலை சொல்லுங்கோ, டொக்டர்," என்றார் வரதராசா பணிவாக. "சாவி ரெண்டு பேரிட்டை. மினுங்கினது ஒருத்தருக்கு. நம்பரைச் சுத்தட்டோ?"

டொக்டர் போனைப் பார்த்தார். பாம்பைப் பார்ப்பது போல!

"வே... வேண்டாம். பூட்டை மாத்தும். இதோட விடும்!"

வாசலில் றேமண்டின் காதருகே குனிந்தார் வரதராசா.

"ஃபாதர் போறதுக்கு முன்னம் ஐஸை மாத்து. இனி எடுக்காதை... என்னட்டைக் கேள்!"

றேமண்டின் கண்கள் குளமாயின.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்தார் வரதராசா. பம்பலப்பிட்டி மருந்துக்கடையில் தன் காசில் வாங்கிய இன்சுலின் குப்பிகளைத் தட்டில் அடுக்கினார். குளிர்ப்பெட்டியின் கைப்பிடியைச் சுத்தமாகத் துடைத்தார். பார்க்க ஒருவரும் இல்லை.

கைக்குட்டையைச் சோப் போட்டு அலசினார். ஊதா விளக்கில் பிடித்தார்.

இன்னும் பச்சை!

மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

இந்த வழக்கில் உள்ளே போனது அந்தக் கைக்குட்டை ஒன்றுதான்!