கையுறைக்குள் வந்த வெந்நீர்

காலையில் வேலைக்கு வந்ததும் மகிழ்நன் முதலில் செய்வது தன் கைகளைச் சூடாக்குவதுதான். இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, சில்லிப்பு போய்விட்டது என்று தெரிந்த பிறகே உணருறையை எடுப்பான். வெங்காயச் சருகு போல மெல்லிய கையுறை அது. முழங்கை வரை ஏறும். மணிக்கட்டில் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்தால், பிரவீண் அய்யாவின் பிடரியில் ஒட்டியிருக்கும் தோல்பதியோடு அது இணைந்துவிட்டது என்று அர்த்தம். ஊழியர்கள் யாரும் அதை உணருறை என்று சொல்வதில்லை. "க்ளவுஸ் மாட்டிட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

மாட்டிய பிறகு அவன் செய்வதெல்லாம் அவனுக்கும் நடக்கும். அய்யாவின் தோளில் வெந்நீர் ஊற்றினால் அவன் தோளிலும் வெந்நீர் இறங்கும். சோப்பு உரசினால் அவனுக்கும் உரசும். அப்போது அவர் மனசில் இருப்பதும் கூடவே வந்து சேரும். அவரைக் கட்டிலிலிருந்து குளியல் நாற்காலிக்கு மாற்றுவது 'தூக்கி' என்ற இயந்திரம். மருந்து கொடுப்பது இன்னொரு இயந்திரம். குளிப்பாட்டவும் இயந்திரம் உண்டு. ஆனால் நெடும்பராமரிப்பில் இருப்பவரைத் தினமும் ஒரு மனிதக் கையாவது தொட வேண்டும் என்பது சட்டம். அந்தக் கை எப்படிப்பட்டது என்பதை, தொடுகிறவர் அறிந்திருக்க வேண்டும். உணருறை வந்தது அதற்காகத்தான்.

பவானி ஆற்றங்கரையில் இருக்கும் அந்த நீள்நலம் பராமரிப்பு இல்லத்துக்கு வருவதற்கு முன்னால் மகிழ்நன் சங்ககிரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். லாரிகள் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்டதும், ஓட்டுநர்கள் வேறு வேலை தேடினார்கள். நாற்பத்து நான்கு வயதில் பராமரிப்பாளர் பயிற்சியில் சேர்ந்தபோது, மனைவி பூங்குழலி கேட்டாள்: "ஸ்டீயரிங்கப் புடிச்ச கையால ஆளைப் புடிக்க முடியுமா உங்களால?"

முதல் நாள் வகுப்பில் முடியவில்லை. ஆதிரை என்ற பயிற்றுநர், அவனைவிட மிகவும் இளையவள், ஆளுக்கொரு துணையைப் பிரித்துக் கொடுத்து, உறையை மாட்டிக்கொண்டு கையைப் பிடித்து எழுப்பி உட்கார வைக்கச் சொன்னாள். மகிழ்நன் துணைக்கு வந்தவரின் கையைப் பிடித்தான். அடுத்த நொடி தன் கையே நசுங்குவது போல இருக்க, விட்டுவிட்டுப் பின்வாங்கினான்.

"இதென்னங்க டீச்சர், யாரோ இடுக்கியில புடிச்ச மாதிரி இருக்குது!"

"உங்க பிடிதான் அண்ணா அது," என்றாள் ஆதிரை.

வகுப்பில் பாதிப் பேர் அந்த வாரமே நின்றுவிட்டார்கள். தன் கை அடுத்தவருக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வதை எல்லோராலும் தாங்க முடிவதில்லை. மகிழ்நன் நிற்கவில்லை. பிடியைத் தளர்த்தக் கற்றான், கையை வைக்கும் முன் சொல்லக் கற்றான், எடுக்கும்போது மெல்ல எடுக்கக் கற்றான். கடைசியாகக் கற்றது பிரித்தறிவது. "உறைக்குள்ள வர்றது பாதி அவங்க, பாதி நீங்க," என்பாள் ஆதிரை. "உங்க பாதியைத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் அவங்க பாதி தெரியும்."

தேர்ச்சி பெற்றதும் அவனுக்குக் கொடுக்கப்பட்ட முதல் ஆள் பிரவீண் அய்யா. எண்பத்தைந்தைத் தாண்டியவர். ஒரு காலத்தில் சென்னையில் மென்பொருள் எழுதியவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதம் பேச்சையும் கைகால்களையும் எடுத்துக்கொண்டது. கேட்ட கேள்விக்குக் கண்ணைச் சிமிட்டிப் பதில் சொல்லக்கூட அவரால் முடியாது. முகம் ஒரு பக்கமாகக் கீழே இழுத்துக்கொண்டு, விசும்பி அழப்போகிறவரைப் போலவே நின்றுவிட்டது. இடது இமை சரியாக மூடாததால் அந்தக் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும். யார் பார்த்தாலும் மனசு கலங்கும்.

முதல் நாள் மகிழ்நனும் பயந்துகொண்டுதான் உறையை மாட்டினான். பிடரியில் வெந்நீர் விழுந்ததும் உள்ளே வந்தது அழுகை இல்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு லாரியைப் புளிய மர நிழலில் நிறுத்திவிட்டு, கேபினில் காலை நீட்டும்போது ஒரு சுகம் வருமே, அது வந்தது. அவன் நம்பவில்லை. தன்னுடைய பாதியாக இருக்கும் என்று நினைத்தான். சில வாரம் கழித்துப் பூங்குழலியோடு பெரிய சண்டை போட்டுவிட்டு, கோபம் ஆறாமல் வேலைக்கு வந்தான். அன்றும் வெந்நீர் பிடரியைத் தொட்டதும் அதே நிம்மதி வந்து அவன் கோபத்துக்குப் பக்கத்தில் நின்றது. கோபம் கோபமாகவே இருந்தது. நிம்மதி நிம்மதியாகவே இருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறுதியானது. அழுகிற முகத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் காலைக் குளியலை அனுபவித்துக்கொண்டிருந்தார்.

அய்யாவின் மகள் நிவேதனா ஞாயிறுதோறும் வருவாள். பெருந்துறையில் சாயநீர் சுத்திகரிப்பு ஆலையில் மேற்பார்வையாளர், ஐம்பத்தைந்து வயது. அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, அவர் இளமையில் வந்த பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போடுவாள். வழியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, புறப்படும்போது மகிழ்நனைத் தாழ்வாரத்துக்கு அழைத்தாள்.

"தம்பி, அப்பாவை நெடுந்துயிலுக்கு மாத்திரலாம்னு விண்ணப்பம் போட்டிருக்கேன்."

நெடுந்துயில் என்பது மருந்தால் வரும் நீண்ட உறக்கம். தன் வேதனையைச் சொல்ல முடியாதவர்களுக்காகச் சட்டம் அனுமதித்த வழி. வலியிருக்காது, விழிப்பும் இருக்காது. உடம்பை இயந்திரங்கள் பார்த்துக்கொள்ளும். மனிதக் கை தேவையில்லை.

"டாக்டரு வலி இல்லைன்னு சொன்னாருங்களே அக்கா."

"டாக்டரு நரம்பைப் பாக்கறாரு. நான் மொகத்தைப் பாக்கறேன். அப்படி அழுதுட்டே இருக்கற மனுசனை விட்டுட்டு நான் எப்படித் தம்பி ஊட்டுக்குப் போய்ச் சோறு திங்கறது?" அவள் அவன் கைகளைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும். தினமும் மாட்டறீங்க. சொல்லுங்க, உள்ள என்ன பண்றாரு?"

மகிழ்நன் சொல்லிவிடத்தான் நினைத்தான். ஆனால் உறைக்குள் வருவதை வெளியே சொல்லச் சட்டம் விடாது. "சொல்லக் கூடாதுங்க அக்கா," என்றான்.

அன்று சாயங்காலம் ஆதிரையைத் தேடிப் போனான். பயிற்சிக் கூடத்தில் அவள் உறைகளைக் கழுவி உலர்த்திக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னான்.

"ஒரே ஒரு வார்த்தைங்க டீச்சர். 'நல்லா இருக்காரு'ன்னு சொன்னாப் போதும். என் லைசென்ஸ் போனாலும் போகுது."

"லைசென்ஸை விடுங்க. நீங்க சொன்னா அவங்க நம்புவாங்களா? ஆறுதலுக்குச் சொல்றீங்கன்னு நினைப்பாங்க." ஆதிரை கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அந்தச் சட்டம் ஏன் வந்துச்சுன்னு தெரியும்தானே? ஆரம்பத்துல எல்லாத்தையும் சொன்னாங்க. 'நான் வந்தா அம்மா சந்தோசப்படறாங்களா, எங்க அண்ணன் வந்தா சந்தோசப்படறாங்களா'ன்னு பிள்ளைங்க பராமரிப்பாளரைப் பிடிச்சுக் கேட்டாங்க. ஒரு கிழவியோட பயத்தைச் சாட்சியமாக் கோர்ட் வரைக்கும் கொண்டு போனாங்க. அப்புறம் பெரியவங்க யாருமே உறைக்குச் சம்மதிக்கலை. மனசுல இருக்கறது தனக்கு மட்டும்தான்னு உறுதி கிடைச்ச பிறகுதான் திரும்பச் சம்மதிச்சாங்க."

"அப்ப அய்யாவைத் தூங்க வச்சிர்ற வரைக்கும் நான் வாயைப் பொத்திட்டு நிக்கோணுங்களா?"

ஆதிரை உலர்ந்த உறை ஒன்றை எடுத்து மடித்தாள். "சொல்லக் கூடாதுன்னுதான் சட்டம். கத்துக்கக் கூடாதுன்னு இல்லை. பேச்சு இருந்தப்பவே அவர் சம்மதம் கொடுத்திருக்காரு, தேர்ச்சி பெற்ற யார் வேணும்னாலும் தொடலாம்னு. யார் வேணும்னாலும்னா மகளும்தானே அண்ணா?"

அடுத்த ஞாயிறு, அவளே பயிற்சியில் சேரலாம் என்று மகிழ்நன் நிவேதனாவிடம் சொன்னபோது அவள் உடனே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். ஆலையில் ஷிப்ட் மாறி மாறி வருகிறது என்றாள், இந்த வயதில் என்ன படிப்பு என்றாள், மழைக்காலம் முழுக்க வகுப்பென்றால் யாரால் முடியும் என்றாள். காரணங்கள் தீர்ந்ததும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மாட்டிப் பாத்து, உள்ள அவரு கதறிட்டு இருந்தாருன்னா? மூணு வருசமாக் கதறிட்டு இருந்திருந்தா? அது தெரிஞ்ச பொறகு நான் என்ன தம்பி பண்ணுவேன்?"

மகிழ்நன் தன் முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்று தரையைப் பார்த்தான். அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. தன்னைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது.

"நானும் பயந்துட்டேதானுங்க அக்கா மொதல்ல மாட்டினேன். எனக்கு வேற எடத்துலயும் வேலை கெடைச்சுதுங்க. நான் போகலை."

நிவேதனா திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு, வகுப்பு மாலையிலும் உண்டா என்று கேட்டாள்.

அந்த ஆண்டு ஐப்பசி மழை பலமாகப் பெய்தது. ஆற்றோர டிராம் பல நாள் ஓடவில்லை. நிவேதனா ஆலைச் சீருடையிலேயே, முழங்கால்வரை சேறோடு வகுப்புக்கு வந்தாள். பயிற்சிக்குத் துணையாக மகிழ்நன் உட்கார்ந்தான். உறையை மாட்டிக்கொண்டு அவன் முகத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு முறை துடைத்தவள் நின்றுவிட்டாள்.

"மேசையைத் துடைக்கற மாதிரி இருக்குதே. நான் இப்படியா தொடறேன்?"

"இன்னைக்கு வந்த எல்லாரும் அப்படித்தான் அக்கா," என்றாள் ஆதிரை. "திரும்பத் துடைங்க. அவசரம் இல்லை."

அவள் திரும்பத் துடைத்தாள். நாள் போகப்போக அவள் கை நிதானமானது. நெடுந்துயில் பற்றிய முடிவைத் தை மாதம் வரை தள்ளிவைத்தாள். ஒரு தேர்வில் தவறி, மறுபடி எழுதி, மார்கழியில் தேர்ச்சி பெற்றாள்.

அப்பாவைக் குளிப்பாட்டப் போகும் முதல் காலை, அவள் உள்ளங்கைகளை இரண்டு முறை தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். மகிழ்நன் வெறுங்கையோடு சுவரோரம் நின்றான். 'தூக்கி' இயந்திரம் அய்யாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நகர்ந்தது. அவருக்குப் பிடிக்குமே என்று நிவேதனா வழக்கமான பாட்டைப் போட்டாள். உறையை மாட்டினாள். பச்சைப் புள்ளி எரிந்தது. "அப்பா, நான் நிவி. தோள்ல கை வைக்கிறேன்," என்று சொல்லி, வைத்தாள்.

அவள் புருவம் சுருங்கியது. கையை எடுத்தாள், மறுபடி வைத்தாள். சட்டென்று எட்டிப் பாட்டை நிறுத்தினாள்.

"தம்பி," என்றாள் மெதுவாக, "இவருக்கு இந்தப் பாட்டைக் கேட்டா எரிச்சலா வருது."

மகிழ்நனுக்கே அது புதிய செய்தி. அவள் பாட்டுப் போடும் நேரங்களில் அவன் உறை மாட்டியிருந்ததில்லை.

"மூணு வருசமா!" என்றாள் அவள். "ஞாயித்துக்கெழமை தவறாமப் போட்டனே! அய்யோ அப்பா, நிறுத்துடின்னு சொல்லவும் முடியாம..." சிரிப்பு பொங்கி வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல், ஈரச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். மகிழ்நனும் சிரித்தான். அய்யாவின் முகம் எப்போதும் போல அழுதபடியே இருந்தது.

பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குவளையில் வெந்நீரை எடுத்தாள். பிடரியில் ஊற்றினாள். மகிழ்நன் அவள் தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவை மெல்லக் கீழே இறங்கின. பல ஆண்டுகளாகத் தூக்கி வைத்திருந்த ஏதோ ஒன்றை இறக்கி வைத்தவளைப் போல நின்றாள். இன்னொரு குவளை ஊற்றினாள். இன்னொன்று. தொட்டி பாதி காலியாகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"நான் பயந்துட்டுத்தான தம்பி வந்தேன்?" என்றாள் கடைசியில். "அப்ப இது என்னோடது இல்லை."

"இல்லீங்க அக்கா," என்றான் மகிழ்நன். "அய்யாவோடதுதான்."

ஒரே ஆளைப் பராமரிப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். அதற்குச் சட்டத்தில் தடையில்லை. மழைக்காலம் முழுவதும் அடக்கி வைத்திருந்ததை அவன் அன்று கொட்டித் தீர்த்தான். பிடரியில் நீர் விழுவது பிடிக்கும்; பவுடர் வாசனை பிடிக்காது; காது மடலைத் துடைத்தால் அப்படியொரு சுகம்; ரவை உப்புமா வந்தால் சலிப்பு. நிவேதனா அப்பாவின் தலையைத் துவட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். இடையிடையே, "அது எனக்கும் ஆகாது," என்றாள். பாட்டி செய்த உப்புமாவைத் தெருநாய்க்கு வைத்ததற்காகச் சின்ன வயதில் அடி வாங்கியதாக அப்பா ஒருமுறை சொன்ன கதையையும் சொன்னாள். அய்யா கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவள் கைக்குத் தெரிந்தது.

நெடுந்துயில் விண்ணப்பத்தை அந்த வாரமே திரும்பப் பெற்றுக்கொண்டாள். ஆலையில் பேசி, வாரத்தில் மூன்று காலைகள் வரத் தொடங்கினாள். அந்த மூன்று காலைகளிலும் மகிழ்நனுக்குப் பக்கத்து அறையில் வேறொருவர் பொறுப்பு. அய்யாவை விட்டுக் கொடுத்ததில் அவனுக்குச் சின்ன வருத்தம் இருந்தது. ஆனால் சுவரைத் தாண்டி அவள் பேச்சுச் சத்தம் கேட்கும்போது, வேலை செய்துகொண்டே புன்னகைப்பான்.

தை பிறந்து சில நாள் கழித்து, டொரண்டோவில் இருக்கும் அவள் தம்பி இளம்பரிதி சுவர்த்திரையில் அழைத்தான். தோல் எண்ணெய்க் குப்பியை வாங்குவதற்காக மகிழ்நன் அப்போது அந்த அறைக்குள் வந்திருந்தான்.

"நெடுந்துயிலை வேண்டாம்னுட்டியாமே, ஏன்க்கா?" என்றான் இளம்பரிதி. "அப்பா முகத்தைப் பாரு. என்னால பாக்க முடியலை. உள்ள எப்படித்தான் இருக்காரு?"

நிவேதனா வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டும் என்ற ஆசை அவள் முகமெங்கும் தெரிந்தது. மகிழ்நனைப் பார்த்தாள். அவன் குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"சொல்லக் கூடாது கண்ணு," என்றாள்.

"என்னக்கா இது? நான் அவரு மகன்!"

"நானும் மகளாத்தான் இருந்தேன், யாரும் எனக்குச் சொல்லலை." அவள் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "நீ வா. நாலு மாசம் லீவு போட்டுட்டு வந்து வகுப்புல சேரு. அப்பா ரூம்லயே படுத்துக்கலாம்."

திரையில் இளம்பரிதி அக்காவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். அழுகிற முகத்துக்கு அருகில் அக்கா இவ்வளவு நிம்மதியாக நிற்பது அவனுக்குப் புரியாத விஷயமாக இருந்திருக்க வேண்டும்.

பிறகு, "அடுத்த வகுப்பு எப்ப ஆரம்பிக்குது?" என்று கேட்டான்.