பச்சை பூசிய சரிவு

மஞ்சள் நதி பிறக்கும் மேட்டுக்கு மண் ஆய்வாளன் குன்சாங் வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. மே மாதத்திலும் இரவுக் குளிரில் தரை மேலாக உறைந்து கிடந்தது. யாங்தோ வெண்ணெய்த் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வாள்? மண் அரிப்பு வரைபடத்தில் அந்தச் சரிவுக்கு 'லேசு' என்று பச்சை பூசியவனே இவன்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன் டிசம்பரில் வந்து, கடப்பாறையால் ஒரு குத்து குத்தி, இறங்கவில்லை என்றதும் எழுதிவிட்டுப் போனான். உறைந்த மண்ணில் எந்தக் கடப்பாறைதான் இறங்கும்? அந்தப் பச்சையை நம்பி அரசாங்கம் அங்கே வீடு கட்டிக் கொடுத்தது. போன மாதம், ஏப்ரலில், பனி இளகியதும் சரிவு அப்படியே வழிந்து, வீட்டை யாங்தோவின் புருஷனோடும் மகளோடும் சேர்த்து விழுங்கியது. உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. இப்போது மறு ஆய்வாம். பச்சை மாறாவிட்டால் இன்னும் பன்னிரண்டு குடும்பங்கள் அதே சரிவில் குடியேறும்.

"எங்க அண்ணன் குடும்பமும் அதுல இருக்கு சார். இந்தத் தடவையாவது கண்ணைத் திறந்து பாருங்க."

உச்சிவெயில் ஏறியது. சரிவெங்கும் நீர் கசியும் சத்தம். அழுகிய புல்லின் நாற்றம். குன்சாங் படிவத்தை எடுத்து இறந்தவர்கள் விவரத்தை உரக்கப் படித்தான்.

"நோர்கே, வயசு முப்பத்திநாலு. யூத்ரோன், வயசு நாலு. சரிதானே அக்கா?"

அவள் முகம் வெளுத்தது. "அடப்பாவி! செத்தவங்க பேரை வாய்விட்டுச் சொல்லுவாங்களா? கூப்பிட்டா வந்துருவாங்கன்னு உங்க அம்மா உனக்குச் சொல்லித்தரலையா?"

சொல்லித்தந்திருந்தாள். பட்டணத்துக்குப் போனதும் அவன்தான் மறந்துவிட்டான்.

காலடியில் ஏதோ தட்டியது.

மறுபடியும் தட்டியது. பூட்டிய கதவை உள்ளிருந்து தட்டுவதுபோல.

பிறகு, சின்ன விரல்கள் பிறாண்டும் சத்தம்.

"கூப்பிட்டுட்டே இல்ல?" யாங்தோ பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "இப்ப ஏதாவது சொல்லி அனுப்பு. பொய் மட்டும் சொல்லாதே."

குன்சாங் சேற்றில் மண்டியிட்டான்.

"என் தப்புதான். சிவப்புன்னு எழுதறேன். சத்தியமா எழுதறேன்."

சத்தம் நின்றது. யாங்தோ அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்து, சிவப்பு என்று எழுதிய படிவத்தில் சாட்சியாகக் கைநாட்டு வைத்தாள்.

மூன்றாம் நாள் பட்டணத்து அலுவலகத்தில் மேலதிகாரி அதைப் பார்த்துச் சிரித்தார். "சிவப்பா? அப்ப முதல்ல பச்சை போட்ட மகராசன் யாருன்னு கேப்பாங்களே! உன் வேலை போறதோட விடுவாங்களா? யோசிச்சுக்கப்பா."

குன்சாங் யோசித்தான். ரொம்ப நேரம்கூட யோசிக்கவில்லை, அதுதான் கொடுமை. யாங்தோவின் படிவத்தைக் கிழித்துப் போட்டான். புதுப் படிவத்தில் 'லேசு' என்று எழுதினான். சாட்சி இடத்தில் தன் கட்டைவிரலையே வைத்துவிடலாம் என்று மைப்பெட்டியைத் திறந்தான்.

சாட்சி இடம் காலியாக இல்லை.

சேற்றில் தோய்ந்த கட்டைவிரல் ரேகை ஒன்று. பக்கத்தில் பட்டாணி அளவில் இன்னொன்று.

தொட்டான். பனிக்கட்டியாகச் சில்லிட்டது. அதைக் கிழித்துவிட்டு அடுத்த படிவத்தை உருவினான். அதற்கடுத்ததையும் உருவினான். பிரிக்காத படிவக்கட்டையும் பிரித்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டினான்.

ஒன்றில்கூட அந்த ரேகைகளின் ஈரம் காயவில்லை.