மஞ்சள் தடவிய மடல்

கீழே சுரங்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் எத்தனை நாள் மூச்சு மிச்சம் என்று திரையில் பார்த்துவிட்டுத்தான் தமயந்தி காலைத் தேநீரில் வாய் வைப்பாள். செவ்வாயைச் சுற்றும் நிலையத்தில் அது பல் துலக்குவதைப் போன்ற வழக்கம். அன்று திரை நாளைக் காட்டவில்லை, மணியைக் காட்டியது. தேநீர் ஆறிப்போனது.

சுரங்கத்தின் காற்றுவடிப்பானுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அதைத் திருத்தும் நிரலை அவள் எழுதி முடித்திருந்தாள். மின்மடலில் இணைத்து அனுப்பினால் போதும், கீழே அவள் தம்பி குமணன் ஏற்றிக்கொள்வான். ஆனால் புழுதிப்புயல் கிளம்பியிருந்தது. அலைவழி அடைபடுவதற்குள் ஒரே ஒரு மடல்தான் இறங்கும். அதிலும் மடலின் முகத்தில் தெரியும் எழுத்தும் படமும் முதலில் போகும், இணைப்பு கடைசியில் போகும்.

"வெறும் எழுத்தா அனுப்பிடறேன் சார். ரேகை வைங்க," என்றாள். மேலாளர் கோதண்டத்தின் விரல்ரேகை இல்லாமல் நிலையத்திலிருந்து ஒரு புள்ளிகூட வெளியே போகாது.

கோதண்டம் முகம் சுளித்தார். "என்னம்மா இது, மொட்டைக் கடுதாசி மாதிரி! தலைமையகத்துக்கு நகல் போகுது. மஞ்சள் தடவாத பத்திரிகையை யாராவது கையால தொடுவாங்களா? அலங்கார மடலாவே போடு."

"அங்க மூச்சு முட்டுது சார்! என் தம்பி இருக்கான்!"

"அதுக்காக மரியாதையை விட்டுடறதா? பேசற நேரத்துல அனுப்பியிருக்கலாம்."

பாவி மனுஷன், அந்தக் கடைசி வார்த்தையில் மட்டும் உண்மை இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அலங்காரத்தைச் சேர்த்தாள். நிறுவனச் சின்னம் சுழன்றது. குத்துவிளக்கின் சுடர் ஆடியது. பொங்கல் வாழ்த்து மினுமினுத்தது. அடியில், 'அச்சிடுமுன் மரங்களை நினையுங்கள்' என்று பச்சை எழுத்து. செவ்வாயில் மரம்! கோதண்டம் திருப்தியாக ரேகை வைத்தார்.

மடல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே புயல் மூடியது. மூடுகிற வழியில் எப்படியோ நுழைந்து ஒற்றை வரி மேலே வந்து சேர்ந்தது, வெறும் எழுத்தாக.

'அக்கா, விளக்கு அழகா ஆடுது. இணைப்பு வரல.'

புயல் அடங்கி வழி திறந்தபோது திரையில் மூச்சுக் கணக்கே இல்லை. தமயந்தி திரையை அணைத்துப் போட்டுப் பார்த்தாள், அப்போதும் இல்லை. கோதண்டம் இரங்கல் செய்தியைத் தானே எழுதிக் கொண்டுவந்தார். விதிப்படி அதன் முதல் நகல் சுரங்கத்துக்குத்தான் போகவேண்டும்.

"விளக்கு வைக்கட்டுமா சார்?" என்று கேட்டாள்.

கோதண்டம் பதறிப்போனார். "சேச்சே! சாவுச் செய்திக்கு யாராவது மஞ்சள் தடவுவாங்களா? வெறும் எழுத்தா அனுப்பும்மா."

கண்மூடித் திறப்பதற்குள் அது சுரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஓர் எழுத்துக்கூடக் குறையாமல்.